இருபது நொடி அசையாமல்

ஜனவரி 4, ஞாயிறு. இப்ரா.

வந்து சேர்ந்துவிட்டேன். மஸ்கட்டில் இறங்கி, மகன் திருமலையின் காரில் இரண்டு மணி நேரம். வழியெல்லாம் மரமே இல்லாத மலைகள், சுட்ட செங்கல்லை உடைத்துக் குவித்ததுபோல. 'ஓமன் எங்கே? வரைபடத்தில் தொட்டுக் காட்டு' என்று முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தொட்ட இடத்தில் இன்று நானே நிற்கிறேன்.

மகனையும் மருமகளையும் பார்த்துவிட்டு, மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு வந்தேன். நோட்டிலாவது உள்ளதை எழுத வேண்டும். சிந்துஜா மூன்று மாதமாக வீடியோவில் முகம் காட்டவில்லை. நவம்பரில் இருவரும் நாலு நாள் சென்னை வந்தும் சங்கரன்கோவிலுக்கு வரவில்லை. ஆபீஸ் வேலையாம். இருவரையும் உட்கார வைத்துப் பேசிச் சரிசெய்துவிட்டுத்தான் நான் திரும்புவேன். வகுப்பில் சண்டை போடும் இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்கார்த்தினால் ஒரு வாரத்தில் ரப்பரைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு முன்னால் சம்பந்தியம்மாள்! சிந்துஜாவின் அம்மா, மயிலாத்தாள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து முந்தாநாளே வந்துவிட்டாராம். நாலு வருடத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் பார்த்தது. பிள்ளைகள் தாங்களாகச் செய்துகொண்ட கல்யாணம். அவர்கள் பக்கமும் சம்மதமில்லை, எங்கள் பக்கமும் சம்மதமில்லை. அன்று ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றோம்.

"வாங்க சம்பந்தி. பயணமெல்லாம் சௌகரியமுங்களா?"

"சௌகரியந்தான். நீங்க வாறது எனக்குத் தெரியாதே?"

"நீங்க வர்றது எனக்குந் தெரியாதுங்."

எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில்.

ஜனவரி 5, திங்கள்

திருமலை ஆறரைக்குக் கம்பெனிக்குப் போகிறான். சிந்துஜா ஏழேகாலுக்குக் கல்லூரிக்கு. அவள் அங்கே விரிவுரையாளர். திரும்பி வர இரவு எட்டாகிவிடுகிறது.

சமையலறையில் இரண்டு உப்பு டப்பா, இரண்டு காபித்தூள். குளிர்பெட்டியில் மேல்தட்டில் ஒரு பால், கீழ்த்தட்டில் ஒரு பால். உப்பை ஒரே டப்பாவில் கொட்டி வைத்தேன். மாலையில் பார்த்தால் மறுபடி இரண்டு. ஈரம் பட்டுக் கட்டி தட்டாமல் இருக்கப் பிரித்து வைத்திருப்பார்கள். இந்த ஊர்க் காற்றில் ஈரமே இல்லை என்பது வேறு விஷயம்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் திருமலை போர்வையை மடித்து, தலையணையோடு சோபாவுக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தான். நடுராத்திரியில் ஆபீஸ் அழைப்பு வரும், அதனால் ஹாலில் படுக்கிறேன் என்றான். மடிப்பு அவ்வளவு சுத்தம். சின்ன வயதில் எத்தனை சொல்லியும் மடிக்காத பிள்ளை.

ஜனவரி 7, புதன்

சிந்துஜா அலமாரியின் மேலிருந்து ஒரு கேமராவை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் வாங்கியதாம்.

"அத்த, உங்களுக்கு நட்சத்திரம்னா உசிருன்னு அவர் சொல்லுவார். மாடில போய் எடுத்துப் பாருங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."

லென்சில் தூசி தெரிந்தது. முந்தானையால் துடைக்கப் போனேன். சுளீரென்று என் கையில் ஓர் அடி.

"அட, கண்ணாடியப் போயி முந்தானைல தொடைப்பாங்களா!"

சம்பந்தியம்மாள்தான். அடித்துவிட்டு அவரே திகைத்துப்போனார். பிறகு கேமராவை வாங்கி, பையிலிருந்த ஊதுபந்தை அமுக்கித் தூசியைப் போக்கி, ஒரு மெல்லிய துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடைத்தார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை அவரை ஒரு கோபக்காரச் சம்பந்தியாக மட்டுமே தெரியும். கணவர் போன பிறகு பத்தொன்பது வருடம் தனியாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்தியிருக்கிறார். பிலிம் கழுவுவது, நெகட்டிவில் பென்சிலால் முகத்தழும்பை மறைப்பது, எல்லாம் அவரே.

"வானம் எடுத்திருக்கீங்களா?"

"வானத்த எவனுங்க வந்து எடுக்கச் சொல்லுவான்? பாஸ்போர்ட் சைஸ்ல எடுத்துக் குடுங்கம்பானா?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

மாடிக்குப் போனோம். முழுநிலா கழிந்து நாலு நாள்தான். நிலா கிளம்பியதும் படமெல்லாம் பகல்போல வெளுத்துவிட்டது. விளக்கு எரிகிற வீட்டில் மின்மினியைத் தேடுவது மாதிரி. நட்சத்திரம் வேண்டுமானால் நிலா இருக்கக் கூடாது, ஊர் வெளிச்சமும் இருக்கக் கூடாது.

"மேல இருக்கறது உங்க பாடம் டீச்சர். கையில இருக்கறது என்ற பாடம். பாத்துக்கலாமுங்" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

பாலைவனம் பார்த்தேன்.

தொண்டிக்காரர் சீனி முகமது, பிதியா பக்கம் மணலுக்குள் இருக்கும் சுற்றுலாக் கூடாரங்களுக்குத் தினமும் மாலை தண்ணீரும் சாமானும் கொண்டுபோகிறவர். பிக்கப் வண்டியில் மூன்று பேர் முன்னால் உட்காரலாம். எங்களை ஒரு மணல்மேட்டில் இறக்கிவிட்டு, வேலை முடித்து மூன்று மணி நேரத்தில் திரும்பி அழைத்துக்கொள்வதாகத் திருமலை ஏற்பாடு செய்துவிட்டான். பிள்ளைகள் இருவருமே நாங்கள் மாலையில் வெளியே போய் வருவதில் அத்தனை அக்கறையாக இருக்கிறார்கள்.

"அங்கிட்டு இங்கிட்டு நடந்துறாதிய டீச்சரம்மா. எந்த மேடும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். உங்க டார்ச் விளக்கைப் பாத்தே நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

அதன் பிறகு இருந்ததை எப்படி எழுதுவது? ஒரு பெரிய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்திய மாதிரி ஓர் அமைதி. மணல் குளிர்ந்துகொண்டே வந்தது. கால் விரலை உள்ளே புதைத்தால் பகலின் சூடு அடியில் மிச்சம் இருந்தது. மேலே பார்த்தேன். எனக்குத் தெரிந்த நட்சத்திரங்களைத் தேடினேன், கிடைக்கவில்லை. புத்தகத்தில் ஏழு புள்ளி இருக்கும் இடத்தில் இங்கே எழுநூறு. கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையைத் தேடுவதுபோல் தேடி, கடைசியில் கார்த்திகையைக் கண்டுபிடித்தேன். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு ரோகிணி, திருவாதிரை.

"எது? எதுங்க?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு என் விரல் நுனியோடு தன் கண்ணைச் சேர்த்துப் பார்த்தார் சம்பந்தியம்மாள்.

நாற்பது படம் எடுத்தோம். குளிரில் இருவரும் ஒரே சால்வைக்குள் உட்கார்ந்திருந்தோம்.

ஜனவரி 10, சனி

நாற்பதும் வீண். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புழு.

காலை முழுவதும் இருவரும் மேஜையில் உட்கார்ந்து காரணம் தேடினோம். விரலால் பொத்தானை அழுத்தும்போது கேமரா நடுங்குகிறது. அதற்கு, அழுத்தி இரண்டு நொடி கழித்துத் தானே எடுக்கும் வசதி இருக்கிறது. ஸ்டாண்டு காற்றில் ஆடுகிறது. அதற்கு ஒரு பையில் மணலை நிரப்பிக் கீழே தொங்கவிடலாம். மூன்றாவது காரணம் என் பாடம்: லென்சை அரை நிமிடம் திறந்து வைத்தோம், அதற்குள் பூமி சுழன்றுவிடுகிறது. ஆரஞ்சுப் பழத்தையும் ஊசியையும் வைத்து விளக்கினேன்.

"அப்ப ஓடற புள்ளையப் படம் எடுக்கறாப்ல. நேரத்தக் கொறைக்கோணும்" என்றார். முப்பது வேண்டாம், இருபது நொடி என்று முடிவு செய்தோம்.

திருமலை வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கியளா?" என்றான். அவன் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

இன்று பிள்ளைகள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீரை நகர்த்தியதற்கு அவள் 'தேங்க்ஸ்' என்றாள். அப்பளம் எடுத்துக் கொடுத்ததற்கு இவன் 'தேங்க்ஸ்' என்றான். மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

லென்சில் 'முடிவிலி' என்று ஒரு குறி இருக்கிறது. வளையத்தை அதுவரை திருப்பினால் போதும் என்று நம்பியிருந்தோம். போதாது. அந்தக் குறிக்கு ஒரு மயிரிழை முன்னால்தான் நட்சத்திரம் தெளிகிறது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டு, அது சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும்வரை வளையத்தை நகர்த்த வேண்டும். சம்பந்தியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். "வந்துருச்சு, வந்துருச்சு, தொடாதீங்க, மூச்சு விடாதீங்க!"

இருபது நொடி. அவர் வாய்விட்டு எண்ணினார். இருட்டறையில் தாளைக் கழுவும்போது கடிகாரம் பார்க்க முடியாது, எண்ணித்தான் பழக்கமாம். திரையில் படம் வந்தது. கார்த்திகைக் கூட்டம், தனித்தனிப் புள்ளியாக. கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் எண்ணமுடியாத அளவுக்கு. அதன்கீழ் மணல்மேட்டின் விளிம்பு, தூங்கும் ஒருவரின் தோள்போல.

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து அழுதோம் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவரும் வந்த காரியத்தைச் சொன்னார். சிந்துஜா டிசம்பரில் போனில், 'நான் மட்டும் வந்தா வீட்ல இடம் இருக்குமாம்மா?' என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

"அதுக்குத்தான் நானும் வந்தேன்" என்றேன்.

"நாம ரெண்டு பேரும் அன்னிக்கு அந்த ஆபீஸ்ல மொகத்தத் திருப்பிட்டு நின்னமே, அந்தப் பாவந்தானோ என்னமோ."

"அப்படியெல்லாம் இல்ல சம்பந்தி. சரிபண்ணிருவோம்."

பொங்கல் வருகிறது. மறுநாள் வெள்ளி, இருவருக்கும் விடுமுறை. இங்கே கூட்டிவந்து, இந்த வானத்துக்குக் கீழே ஜோடியாக நிற்கவைத்து ஒரு படம். இதைப் பார்த்த பிறகும் மனசு இளகாத மனிதர் உண்டா?

இன்னொன்றும் எழுதுகிறேன். இது நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதில் இப்போது கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது. அறுபத்தொரு வயதில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். பிள்ளைகளின் கல்யாணம் என்கிற ஒற்றை ஆணியில்தான் அது தொங்குகிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மின்அடுப்பில் பானை. பால் பொங்கியதும் சிந்துஜா 'பொங்கலோ பொங்கல்' என்றாள். திருமலை படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். அவளுக்குப் பட்டுப்புடவை அத்தனை பாந்தம்.

நாளைக்கு மணலுக்கு வரவேண்டும் என்றோம். இருவரும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "சரி" என்றார்கள். உடனே ஒத்துக்கொண்டார்கள், ஒரு மறுப்பும் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

நிலா இல்லாத இரவு. இதுவரை பார்த்ததில் மிகக் கறுத்த வானம். திருமலையின் காரை மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து சீனியின் வண்டியில் போனோம். சாமான் ஏற்றும் பின்பக்கத்தில் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு ஓரம்.

"மாப்ளயும் பொண்ணும் ஏன்யா தராசுத் தட்டு மாதிரி உக்காந்திருக்கீக?" என்று சீனி கத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

மேட்டின் உச்சியில் இருவரையும் நிறுத்தினோம். தலைக்கு மேல் திருவாதிரை. மயிலாத்தாள் கையிலிருந்த டார்ச்சை ஒரு நொடி மட்டும் அவர்கள்மேல் அடித்து அணைக்க வேண்டும், பிறகு இருபது நொடி அவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் ஆவிபோலப் படத்தில் கரைந்துவிடுவார்கள்.

"மூச்சு மட்டும் விட்டுக்குங் கண்ணு. வேறொண்ணும் பண்ணாதீங்" என்றார்.

பொத்தானை நான் அழுத்தினேன். அவர் எண்ணினார். இருவரும் இம்மிகூட அசையவில்லை. படம் திரைக்கு வந்தது. இருண்ட மணல், அதன்மேல் இரண்டு பிள்ளைகள், அவர்களைச் சுற்றி விளிம்புவரை நட்சத்திரம். நாங்கள் எடுத்ததிலேயே மிகச்சிறந்த படம். சிந்துஜா பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு அத்த" என்றாள். குரல் கரகரத்தது. குளிர்.

மயிலாத்தாள் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சொன்னார்.

"டீச்சர், பத்தொம்போது வருசம் ஜோடி ஜோடியா நிக்க வெச்சு எடுத்திருக்கறேன். சண்டை போட்டுட்டு வர்ற ஜோடி நேரா நிக்காதுங்க. தோள் இடிக்கும். 'தள்ளி நில்லுடி'ம்பான், 'நீ தள்ளு'ம்பா. அதுக ரெண்டும் மறுவருசம் கொழந்தையத் தூக்கிட்டு வரும். இவங்க ரெண்டு பேரும் எப்படி நிக்கறாங்க பாருங். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்களாட்ட. எவ்வளவு மரியாதையா எடம் உட்டு நிக்கறாங்க பாருங்."

"மணல் சரிவா இருந்துச்சுல்லா, அதான்" என்றேன்.

அவர் கேமராவைப் பைக்குள் வைத்தார். விளக்கை அணைத்தோம்.

ஜனவரி 17, சனி

காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "அத்த, அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காருங்க. அம்மா, நீயும் வா" என்றாள் சிந்துஜா.

திருமலைதான் சொன்னான். நவம்பரில் சென்னைக்குப் போனது ஆபீஸ் வேலைக்கு இல்லை. இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு மனுப் போட்டுவிட்டார்கள். மே மாதம் முடிந்துவிடும். நாங்கள் திரும்பும் நாளன்று சொல்வதாக இருந்தார்களாம். நேற்று நாங்கள் அவ்வளவு ஆசையாக நிற்கவைத்ததைப் பார்த்தபின் மறைக்க முடியவில்லை.

காரணம் சொல் என்றேன். ஆசிரியர் கேட்பதுபோல்தான் கேட்டேன்.

"யாரும் யாரையும் ஒண்ணும் செய்யலம்மா. சாயங்காலம் அவ கார்ச் சத்தம் கேட்டா, நான் டிவிய அணைச்சிட்டுத் தூங்குத மாதிரி படுத்துக்கிடுவேன்."

"ஹால்ல வெளிச்சம் தெரிஞ்சா நான் கார்ல இன்னொரு ரவுண்டு போய்ட்டு வருவேன் அத்த" என்றாள் சிந்துஜா. "ரெண்டு வருசமா இப்படித்தான். அவர் நல்லவர். நானும் கெட்டவ இல்ல. ஆனா இந்த வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முந்தி ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது."

தோசை கருகும் வாசனை வந்தது. அடுப்பை நான் அணைக்கவே இல்லை.

இரவு.

நாங்கள் சண்டை போட்டோம். பிள்ளைகள் இல்லை, நாங்கள். "உங்க பையன் வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா என்ற புள்ள எதுக்குங்க வீதி வீதியாச் சுத்தோணும்?" என்றார். "எட்டு மணி வரைக்கும் காலேஜ்ல என்ன வேல? ஒரு நாளாவது அவனுக்கு நேரத்துக்குச் சோறு போட்டிருப்பாளா?" என்றேன். இதைவிட மோசமாகவும் சொன்னேன். எழுத மாட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. இருவரும் ஒருபொழுது. அவரவர் கணவருக்குப் படையல் போட்டோம். அடுப்பின் இடது பக்கம் என் சமையல், வலது பக்கம் அவர் சமையல். உப்பு டப்பாவில் ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன். வைத்த பிறகு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 19, திங்கள்

பேசவில்லை. கட்டிலின் நடுவில் ஒரு போர்வையை நீளமாக மடித்துப் போட்டிருக்கிறார்.

ஜனவரி 21, புதன்

போன வாரமே சீனியிடம் புதன்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். கடைசி முறை. வேண்டாம் என்று மயிலாத்தாளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு ஹாரன் கேட்டது. நான் கேமராப் பையோடு இறங்கினேன். பின்னால் ஸ்டாண்டோடு அவர் வந்தார்.

எப்போதும் நான் நடுவில் உட்காருவேன். இன்று ஆளுக்கொரு பக்கக் கதவருகே நின்றோம். சீனி இருவரையும் பார்த்தார்.

"என்னம்மா இது? நான் நடுவுல உக்காந்தா வண்டிய யாரு ஓட்டுறது?"

ஏறி நடுவில் உட்கார்ந்தேன்.

இன்றைய பாடம் நட்சத்திரத் தடம். வடக்கே கேமராவைத் திருப்பி, இருபது இருபது நொடியாக நூற்றெண்பது படம், இடைவெளி இல்லாமல். பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நட்சத்திரங்கள் போன பாதையெல்லாம் வட்டம் வட்டமாக வரும். ஒரு மணி நேரம் அருகில் நடக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. மூன்றாம் பிறையின் மறுநாள் நிலா, வெட்டிய நகத்தைவிடச் சற்றே பருத்தது, மேற்கே மணலில் இறங்கும்வரை காத்திருந்தோம். அவர் வளையத்தைத் திருப்பித் தெளிவு பார்த்தார். நான் திசை பார்த்தேன். அதற்குப் பேச்சுத் தேவைப்படவில்லை.

கேமரா கிட்டத்தில் மெல்ல டிக், டிக் என்று தன் வேலையைப் பார்த்தது. வானம் கீழே இறங்கி வந்து எங்களோடு மணலில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்டது.

"நடுவுல நிக்குமே, துருவ நட்சத்திரம், எதுங்க அது?" என்றார் இருட்டிலிருந்து.

காட்டினேன். பிறகு, ஏனோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"முப்பத்துநாலு வருசம் பிள்ளையளுக்கு அதப் பாடம் நடத்தியிருக்கேன். ஒருநாள்கூட நான் பாத்ததில்ல. எங்க ஊர்ல அது அடிவானத்துல புழுதிக்குள்ள கெடக்கும். குத்துமதிப்பா 'அதோ பாருங்க'ன்னு கைய நீட்டிருவேன்."

"புள்ளைக?"

"'தெரியுது டீச்சர், தெரியுது டீச்சர்'ன்னு கத்துவாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. அடங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஊருக்குப் போனா நம்மள சும்மா உடமாட்டாங்க டீச்சர். 'என்னாச்சு, யாரு மேல தப்பு'ம்பாங்க. நான் உங்களத் திட்டோணும், நீங்க என்னையத் திட்டோணும். கேக்கறவங்களுக்கு அது வேணுமுங்க."

"ஆமா. திட்டலன்னா நம்ம பிள்ளை மேலதான் தப்புன்னுருவாங்க."

"அப்ப இங்கியே சொல்லிப் பாத்துக்கலாம். நீங்க மொதல்ல திட்டுங்."

"நானா?"

"அன்னிக்கு ராத்திரி நல்லாத்தான் திட்டுனீங்க!"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அந்தப் பொண்ணுக்குக் குடும்பம் நடத்தத் தெரியல" என்றேன்.

"இதெல்லாம் பத்தாதுங்க. எங்க ஊர்ல இதக் காதுல வாங்க மாட்டாங்க. இன்னுங் கொஞ்சம் காரமா."

"அம்மாக்காரி சரியா வளக்கல."

"ம். அப்படி வாங்க. அம்மாக்காரி எப்படி?"

"அம்மாக்காரி..." என்று தொடங்கினேன். அந்த இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. வெள்ளை முடி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பத்தொன்பது வருடம் ஊராருடைய கல்யாணத்தையெல்லாம் நிற்கவைத்துப் படம் எடுத்து, தனியாக ஒரு பெண்ணைப் படிக்கவைத்தவர். சால்வையின் பெரிய பக்கத்தை எப்போதும் என் பக்கம் தள்ளிவிடுகிறவர். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன்.

"ஃபெயிலுங்க நீங்க" என்றார் அவர். "நகருங், நான் திட்டறேன். அந்தப் பையனப் பெத்தவ இருக்காளே, டீச்சராம் டீச்சர். இல்லாத நட்சத்திரத்தக் காட்டிச் சம்பளம் வாங்குனவ..." அதற்குமேல் அவராலும் முடியவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மணல் ஒட்டிய, காய்ப்பு ஏறிய கை.

"சேத்து வைக்கத்தானுங்க வந்தோம். முடியலையே டீச்சர்."

"முடியல" என்றேன். இந்த நாட்குறிப்பில் நான் எழுதியிருக்க வேண்டிய சொல் அதுதான். இரண்டு உப்பு டப்பாவைப் பார்த்த அன்றே எழுதியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் திருமலை நூற்றெண்பது படத்தையும் அடுக்கிக் கொடுத்தான். சிந்துஜா பக்கத்தில் நின்று, எந்தக் கட்டளையை அழுத்த வேண்டும் என்று சொன்னாள். இருவரும் இயல்பாகப் பேசிக்கொண்டார்கள், ஒளிக்க ஒன்றும் இல்லாததால். நூற்றெண்பதிலும் ஒன்றுகூட அசங்கவில்லை.

கட்டிலில் நடுவில் கிடந்த போர்வையை எடுத்து அவர் போர்த்திக்கொண்டார். குளிர்தான்.

ஜனவரி 23, வெள்ளி. மஸ்கட் விமான நிலையம்.

பிள்ளைகள் இருவரும் சேர்ந்தே வந்து விட்டுவிட்டுப் போனார்கள். சிந்துஜா என் காலைத் தொட்டு எழுந்து, "போய்ட்டு வாங்க அ..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"அத்தைன்னே சொல்லு. அதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் மனுப் போட வேண்டாம்" என்றேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். திருமலை மயிலாத்தாளின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான், எங்களைத் திரும்பிப் பார்க்காமல். அவனுக்கு அழத் தெரியாது, நான் கற்றுக்கொடுக்கவில்லை.

எனக்குத் திருவனந்தபுரம் விமானம். இரண்டு மணி நேரம் கழித்து மயிலாத்தாளுக்குக் கொச்சி. என் விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து, அவர் வைத்திருந்த புளிச்சோற்றைப் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். எதிரில் ஒரு நாகர்கோவில் அம்மாள், பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காளும் தங்கச்சியுமா?"

நான் வாயைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன் இதற்கு ஒரே சொல்லில் பதில் இருந்தது. இப்போது என்ன சொல்வது என்று விழித்தேன். மயிலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்:

"இல்லீங்க. கூடப் படிச்சவங்க."

"அப்படியா! எந்தப் பள்ளிக்கூடம்?"

"ராத்திரிப் பள்ளிக்கூடமுங்க. கொஞ்சம் வயசானப்பறந்தான் சேந்தோம்."

அந்த அம்மாள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கென்ன, எந்த வயசுலயும் படிக்கலாம். படிப்பெல்லாம் முடிஞ்சிட்டா?"

"எங்கீங்க முடிஞ்சுது!" என்றார் மயிலாத்தாள்.

என் விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.